கிரீட் மலையில் கட்டிய வெள்ளிக் கால்

தம்பி, இதை ட்ராமில் நின்றபடி வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து வாசி. பக்கத்தில் ஒரு தேத்தண்ணி இருந்தால் இன்னும் நல்லது. உன் அம்மா ஆறாம் வகுப்போடு கொப்பியை மூடிவைத்தவள். அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் கடைச் சாமான் துண்டுகளும், ஃப்ரிட்ஜ் கதவில் உனக்கு ஒட்டிவைத்த அறிவித்தல்களும்தான். இப்போது இந்த ஹொட்டேல்காரர் மேசையில் வைத்துவிட்டுப் போன கடதாசிக் கட்டில் பாதியை முடிக்கப் போகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் அப்பா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். பேசியே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். பேசினால் நான் அழுதுவிடுவேன். நான் அழுதால் நான் எதைச் சொன்னாலும் நீ ஓம் என்றுவிடுவாய். உன்னிடம் அப்படி ஓம் வாங்கியதில்தான் இந்த வில்லங்கமே தொடங்கியது.

எது வில்லங்கம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உனக்கும் எலெனிக்கும் பேச்சு முற்றாகி எத்தனையோ மாதமாகிவிட்டது, இன்னும் கலியாணத்துக்கு நாள் வைக்கவில்லை. அவள் ஆசைப்பட்டது, மெல்பேர்ணில் தாய் வீட்டுப் பின்வளவில், எலுமிச்சை மரத்துக்குக் கீழே, கலியாணம் பதிகிறவர் ஒருவர் வர, ஐம்பது பேரோடு. நான் சொன்னது, நம் சிட்னிப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும், அது என் நேர்த்தி என்று. நீ நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினாய். போன கிழமை அவள் உடுப்புகளை எடுத்துக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அப்பாவுக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னாயாம். இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிற மனுஷன் அவர். அவரிடம் ரகசியம் சொல்வதும், அடுத்த தரிப்பு என்ன என்று மைக்கில் அறிவிப்பதும் ஒன்றுதான்.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் நேரே போனால் எனக்குக் கை ஓடாது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். இந்தக் கிரீட் தீவிலும் அப்படித்தான், எந்த ஊருக்கும் நேரான றோட்டுக் கிடையாது.

முதலில் நீ என்னை இந்த இடத்துக்கு அனுப்பியதற்கு உனக்கு ஒரு முத்தம். அனுப்பியது நீ, இழுத்துக்கொண்டு வந்தது பொப்பி. எலெனியின் தாய் என்று மரியாதையாக எழுதலாம்தான், ஆனால் எட்டு நாள் ஒரே காரில் இருந்தபிறகு அவர் எனக்கு வெறும் பொப்பி. இந்தத் தீவில், தன் தாயின் ஊரில் ஒரு வேலை இருக்கிறது, நானும் அப்பாவும் கட்டாயம் கூட வர வேண்டும் என்று மெல்பேர்ண் ஓக்லியில் இருந்து மூன்று தரம் போன் எடுத்தார். என்ன வேலை என்று சொல்லவில்லை. காணி உறுதி எழுதுகிற வேலையாக்கும் என்று அப்பா சொன்னார். நம் ஆட்கள் ஊருக்குப் போனால் வேறு என்ன வேலை?

பிளேனால் இறங்கிக் கதவு திறந்ததும் ஒரு வாசம் வந்தது பார். வெயிலில் காய்ந்த ஏதோ பச்சிலை வாசம். அது மலையெல்லாம் தானாக முளைக்கிற ஒரு செடி, ஆட்டிறைச்சிக்குப் போடுவார்களாம். நான் ஒரு கொப்பு முறித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பொப்பி கார் எடுத்து ஓட்டத் தொடங்கினார். இங்கே எல்லோரும் வலது பக்கம் ஓடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும், ஆனால் அவருடைய வலது காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் அந்த மனுஷன் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கார் விரிப்பை மடித்தே போட்டார். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் நேரே கீழே கடல். கடல் என்றால் அப்படி ஒரு நீலம், அதைப் பார்க்கச் சொல்லி நான் தோளைத் தட்டினால் அவர் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுக்கிறார். பொப்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, உங்கள் புருஷன் பாட்டுக்காரரா என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

முதல் நாள் க்னோசோஸ் என்ற இடத்துக்குப் போனோம். பழைய ராசா ஒருவரின் அரண்மனை. எவ்வளவு பழையது என்று பொப்பி சொன்ன கணக்கு என் தலைக்குள் நிற்கவில்லை, நம் கோயில்கள் எல்லாம் அதற்குப் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள். சிவப்புத் தூண்கள், மேலே பருத்து அடியில் மெலிந்து, தலைகீழாக நட்டது போல. எல்லோரும் ராசாவின் கல்லுக் கதிரையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். நான் களஞ்சிய அறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி, அங்கே நிற்கிற மண்சாடி ஒவ்வொன்றும் உன் அப்பாவை விட உயரம். எண்ணெயும் தானியமும் போட்டு வைத்தவையாம். நான் வென்ட்வேர்த்வில்லில் வேலை செய்கிற கடைக் குசினியில் பெரிய அண்டாவைக் கிளறிவிட்டு எனக்குத்தான் உலகத்தில் பெரிய சமையல் என்று நினைத்திருந்தேன். இந்தச் சாடிகளுக்கு முன்னால் நான் தேநீர்க் கரண்டி. அடியில் இருக்கிற எண்ணெயை எப்படி எடுத்திருப்பார்கள், ஒரு மெலிந்த பெட்டையை உள்ளே இறக்கியிருப்பார்களோ என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு குரல். திரும்பினால் மயில். உண்மையான மயில், அரண்மனை மதிலில் நின்று தோகையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறது. அங்கே அவை சும்மா திரிகின்றனவாம். நான் உடனே கை கூப்பிவிட்டேன். ஒரு ஜெர்மன்காரி என்னைப் பார்த்துத் தானும் கை கூப்பினாள், பாவம், அதுதான் இங்கே வழக்கம் என்று நினைத்திருப்பாள்.

அங்கிருந்து கண்டுபிடித்த சாமான்களை எல்லாம் பட்டணத்தில் ஒரு காட்சிச்சாலையில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சின்ன அம்மன், என் முழங்கை நீளம்கூட இல்லை, இரண்டு கையிலும் இரண்டு பாம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டிப் பார்க்கிறாள். நம் நாகபூசணி ஆச்சி இங்கேயும் ஒரு கிளை திறந்திருக்கிறாள் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அவர் எனக்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன்.

செருப்பு என்றதும் கூர்னியா என்ற இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொப்பி எப்படியும் உனக்குச் சொல்லுவார், அதற்கு முதல் நான் சொன்னால் மானம் கொஞ்சம் மிஞ்சும். கூர்னியா அரண்மனை இல்லை, சனங்கள் இருந்த ஊர். கடலைப் பார்த்த ஒரு மேட்டில் இடுப்பளவு சுவர்கள், ஒழுங்கைகள், படிகள், சின்னச் சின்ன அறைகள். ஒரு வீட்டு மூலையில் அரைக்கிற கல்லைப் பார்த்ததும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இந்தக் கல்லில் குனிந்து அரைத்தவளுக்கும் பின்னேரம் முதுகும் நாரியும் நொந்திருக்கும். மேலே போனால் ஒரு அறை, அது கோயிலாக இருந்த இடமாம். நான் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தேன். உள்ளே ஒரு கல். வெறுமையாக நிற்கிறது, ஒரு பூக்கூட இல்லை. எத்தனை காலமாக ஒருவரும் ஒன்றும் வைக்காமல் நிற்கிறாரோ என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒழுங்கையில் பிடுங்கிய மஞ்சள் பூவை வைத்தேன். கைப்பைக்குள் திருநீறு இருந்தது. மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுத்ததுதான், விசில் சத்தம் கேட்டது பார், உன் அப்பா சிக்னலில் நிற்கிற ஆள் போல அப்படியே நின்றுவிட்டார்.

காவலுக்கு நின்ற மனுஷி ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும், கையில் விசில், காலில் ஓடுகிற சப்பாத்து. கிரேக்க மொழியில் என்னைப் பிடித்துக் கிழித்தாள். பொப்பியும் அதே மொழியில் அவளைத் திருப்பிக் கிழித்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்த மனுஷி என் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு என் நெற்றியைப் பார்த்தாள், குரல் இறங்கியது. ஆனால் விடவில்லை. பூசிய நீதான் துடைக்க வேண்டும் என்று தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நான் சால்வைத் தலைப்பால் அந்தக் கல்லைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போலத் துடைத்தேன். பூவை மட்டும் அவள் எடுக்கவில்லை. காற்று எடுக்கும் என்றாளாம். தம்பி, யாருடைய வீட்டுக்குப் போனாலும் நம் வீட்டு வழக்கத்தை அவர்கள் சுவரில் பூசிவிட்டு நிற்காதே. பூசிவிட்டால், ஓடாமல் நின்று துடை. இது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் விசில் ஊதிச் சொல்லித் தந்த பாடம்.

இப்போது நான் இருக்கிற இடத்தைச் சொல்கிறேன், பொறாமைப்படு. எலுந்தா என்று ஒரு கடற்கரை. ஹொட்டேல் மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டியிருக்கிறது, ஒவ்வொரு அறைக்கும் கடல் தெரிகிறது. காலைச் சாப்பாட்டுக்கு முப்பது பாத்திரம் திறந்து வைத்திருக்கிறார்கள். பாணில் மட்டும் ஒன்பது வகை. தயிரை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு கட்டி. மேலே தேன். நான் தயிருக்குக் கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் தூவினேன், பக்கத்து மேசையில் இருந்த இங்கிலீசுக் கிழவர் ஒருவர் கேட்டு வாங்கித் தானும் தூவினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நீச்சல் குளத்தைச் சுற்றி எல்லோரும் உடுப்பைக் குறைத்துக்கொண்டு வெயிலில் காய்கிறார்கள், நாம் பனங்கிழங்கைக் கீறி ஒடியல் காயப் போடுவது போல. உன் அப்பாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சுவரில் எழுதியிருப்பதை மூன்று நாளாக வாசிக்கிறார். இனி இந்த ஹொட்டேலில் எந்தத் தீ வந்தாலும் எல்லோரையும் அவர் ஒருவரே காப்பாற்றிவிடுவார்.

சரி, சுற்றியது காணும்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும், பாதி உனக்குத் தெரியும். உனக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்து நீ புறப்பட்ட அன்று, எனக்கு பிறஷர் ஏறித் தலை சுற்றுகிறது என்று சோபாவில் விழுந்தேனே, நீ பிளேனை விட்டுவிட்டு என் காலடியில் இருந்தாயே. எனக்கு ஒரு பிறஷரும் இல்லை. நீ மருந்துக் கடைக்குப் போன நேரத்தில் எழும்பி இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, போஞ்சி சாப்பிடாவிட்டால் பிள்ளையார் தும்பிக்கையால் அடிப்பார் என்றேன், நீ படத்துக்குப் பின்பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டாய். பள்ளிக்கூட முகாமுக்குப் போக வேண்டாம் என்பதற்கு, சாதகம் பார்க்கிற சாத்திரி சொன்னார் என்றேன். சாத்திரியிடம் நான் போகவே இல்லை. எனக்குச் சண்டை பிடிக்கப் படிப்பில்லை, தம்பி. உன் இங்கிலீசுக்கும் உன் நியாயத்துக்கும் முன்னால் நின்று பேச எனக்கு வாய் வராது. அதனால் எனக்கு வருத்தம், பிறஷர் என்பேன், இல்லாவிட்டால் சாமி என்பேன். இரண்டுக்கும் நீ மறுவார்த்தை பேச மாட்டாய்.

நேற்று பொப்பியின் தாயின் ஊருக்குப் போனோம். அதற்கு முந்தின நாள் பட்டணத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அவர் ஏதோ வாங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். மெல்லிய வெள்ளித் தகட்டில் கண், கை, இருதயம், குழந்தை, வீடு என்று அச்சடித்துத் தொங்குகின்றன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நம் கோயில்களில் கண் சுகமானால் வெள்ளிக் கண் போடுவோமே, அதே சங்கதி. பொப்பி ஒரு கால் எடுத்தார். முழங்கால் நோவா, சம்பந்தி, நடந்து பழகாமல் கார் ஓட்டினால் அப்படித்தான் என்று பகிடி பண்ணினேன். அவர் சிரித்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்தார்.

மலையில் ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. மேலே போனதும் சுற்றிவர மலை, நடுவில் பாய் விரித்த மாதிரிச் சமதரை, உருளைக்கிழங்குத் தோட்டங்கள், ஆப்பிள் மரங்கள், சீலை கட்டிச் சுற்றுகிற பழைய காற்றாடிகள். றோட்டை மறித்துக்கொண்டு ஆடுகள் போகின்றன, கழுத்தெல்லாம் மணி. அப்பா முதன்முறையாகக் கண்ணைத் திறந்து, இந்த இடத்தில் ஒரு பஸ் ரூட் கேட்கலாம் போல் இருக்கிறது என்றார். ஊர் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில், நம் வீட்டுக் காராஜ் அளவுதான். வெள்ளைச் சுவர், உள்ளே மெழுகுதிரி வாசம், மாதா படம் ஒன்று கறுத்துப்போய் இருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு கம்பி, அதில் நூறு நூற்றைம்பது வெள்ளித் தகடுகள், நாடாவில் கட்டித் தொங்குகின்றன. பொப்பி அந்தக் காலை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டு நாடாவின் ஒரு முனையை என் கையில் தந்தார்.

அவருடைய இங்கிலீசை நான் என் பேச்சில்தான் எழுத முடியும். "பிடியுங்கோ. இது உங்கட மகன்ர கால்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் சொன்னார். போன வருஷம் ட்ராம் தண்டவாளத்தில் சைக்கிள் சில்லுச் சிக்கி நீ விழுந்தாயே. எலும்பு இரண்டாக முறிந்து, நேராக நடப்பாயா என்று டொக்டர்மார் உறுதியாகச் சொல்லவில்லையே. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் நின்று பொப்பி நேர்ந்தாராம், இந்தப் பிள்ளை நடந்தால் என் தாயின் ஊருக்கு நானே போய், பெற்றவளையும் கூட்டிப்போய், ஒரு கால் கட்டுகிறேன் என்று. அப்போது நீ அவருக்கு மருமகனாக வரப் போகிறவன்கூட இல்லை. மகளின் சிநேகிதன், ஒரு கறுத்தப் பெடியன், அவ்வளவுதான். நான் சிட்னியில் இருந்து வந்து மூன்று கிழமை உன்னோடு இருந்தபோது ஒவ்வொரு நாளும் கோழியும் எலுமிச்சம்புளியும் போட்ட சூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்த நாட்களில் எல்லாம் இதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். நான் அந்த சூப்பில் உப்புக் காணாது என்று உனக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை விழுத்தியது. "நீங்களும் அண்டைக்கு நேர்ந்தனீங்கள்தானே. அதுதான் நான் எலெனிக்குச் சொன்னனான், ரெண்டு தாய் நேர்ந்திருக்கினம், ரெண்டையும் தீர்க்கவேணும், எலுமிச்சை மரத்தை மறந்துபோடு எண்டு. அவள் இப்ப என்னோட கதைக்கிறாளில்லை. பரவாயில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான்."

தம்பி, நாடா என் கையில் இருக்கிறது. எதிரே மாதா பார்க்கிறாள். நான் நேரவில்லை. உனக்குக் கால் முறிந்த அன்று எனக்குச் சாமி நினைவே வரவில்லை. பயத்தில் அடுத்த பிளேனில் ஓடிவந்து, வார்ட் வாசலில் நின்று உன் சப்பாத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். "நீ நடந்தால் ஹெலன்ஸ்பர்க்கில் தாலி கட்டுவிப்பேன் என்று அன்றைக்கே நேர்ந்தேன்" என்று உனக்குச் சொன்னதெல்லாம், நீங்கள் பின்வளவுக் கலியாணம் என்று சொன்ன பிறகு, கடைக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது. அப்போது உன் காலில் போட்ட கம்பியைக்கூட எடுத்துவிட்டார்கள்.

ஏன் சொன்னேன் என்றால், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து லிவர்பூல் வரைக்கும் எத்தனை பேரின் பிள்ளைகளுக்கு நான் கலியாணப் பலகாரம் சுட்டிருக்கிறேன். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் மேளம் கேட்கும்போதெல்லாம் நான் பின்பக்கத்தில் ஏப்ரனோடு நிற்பேன். ஒரு நாளைக்கு நான் கூறைச்சேலை கட்டின மருமகளோடு முன்பக்கத்தில் நிற்க வேண்டும், எல்லாச் சனமும் என்னைப் பார்க்க வேண்டும், வேறு யாரோ பலகாரம் சுட வேண்டும். அதுதான் ஆசை. அது பெருமாளுக்கு இல்லை, சனத்துக்கு. ஆசை என்று சொன்னால் நீ யோசிப்பாய், நேர்த்தி என்றால் யோசிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆசையை ஆசை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்.

"பொப்பி, நான் நேர்த்தி வைக்கேல்லை. பொய் சொன்னனான்" என்றேன். இங்கிலீசில் சொன்னேன், நாலைந்து சொல்லில். அதற்கு மேல் எனக்கு இங்கிலீசு வரவில்லை.

பின்னால் நின்ற அப்பா, "இஞ்சாரும், எனக்கும் அப்பிடித்தானே சொன்னனீர்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த மனுஷன் உனக்காக, என் நேர்த்திக்காக, எட்டு மாதமாக வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இருந்தவர்.

பொப்பி என் கையில் இருந்த முனையை வாங்கித் தானே முடிச்சைப் போட்டார். படத்தைக் கொஞ்சிவிட்டுப் போய்க் காரில் ஏறினார். மலையால் இறங்கி ஹொட்டேலுக்கு வந்ததும் நேரே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு மேசையில் வைத்திருந்தார்கள், இரண்டு பேர்தான் சாப்பிட்டோம். உன்னைப் பெற்ற நாளில் இருந்து நான் பகிடி விடாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அப்பா தன் கோழித் துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு, அவருக்கு வேறு விதம் தெரியாது.

இன்றைக்கு வெள்ளென, வெயில் ஏற முதல், கதவில் தட்டிச் சத்தம். பொப்பி, இரண்டு கையிலும் இரண்டு சின்னக் கோப்பி. உள்ளே வந்து பல்கனியில் இருந்தார். "நான் கோபமாத்தான் இருக்கிறன். கோபத்தோடயும் கோப்பி குடிக்கலாம்" என்றார். குடித்தோம். அது கோப்பி இல்லை, அடியில் சேறு. பிறகு சொன்னார், தன் மகளோடு தான் சண்டை பிடித்தது என் பொய்க்காக, அதனால் அதை மகளுக்குத் தான் சொல்லப் போவதில்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று. நான் சொல்லுகிறேன் என்றேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். பலகாரக் கதையைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். எலெனியைத் தேவாலயத்தில் கலியாணம் கட்டிவைக்கத் தனக்கும் ஆசையாம். நீ அவர்கள் சமயம் இல்லை என்பதால் அவர்களுடைய சுவாமியார் கட்டிவைக்க மாட்டாராம். அதை மகளுக்கு ஒரு நாளும் சொல்லவில்லையாம், சொன்னால் அவளுக்குப் பாரமாகிவிடும் என்று. கேட்டாயா? அவரும் என்னைப் போல ஒரு தாய்தான், அவருக்கும் ஆசை இருந்தது, அவர் அதைத் தூக்கி உங்கள் தலையில் வைக்கவில்லை. இதை நான் உனக்கு எழுதுகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். எழுது, உன்னை எழுதாமல் பண்ண யாரால் முடியும் என்றார். அந்த நேரம்தான் கொஞ்சம் சிரித்தார்.

ஆகவே, தம்பி, இதுதான் சங்கதி. எந்தச் சாமிக்கும் நீ கடன் இல்லை. உன் காலுக்கு நேர்ந்த ஒரே நேர்த்தி நேற்றைக்குத் தீர்ந்துவிட்டது, தீர்த்தவர் உன் மாமி. நீ ஆத்திரப்படுவாய். படு, எனக்கு வேண்டும். ஒரு மாதத்துக்கு என்னோடு கதைக்காமல் விட்டாலும் நான் பிறஷர் என்று விழ மாட்டேன், சத்தியமாக. ஆனால் முதலில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி, எலெனி இருக்கிற வீட்டுக்குப் போ. போனில் சொல்லாதே. இந்தப் பக்கங்களை அவளுக்கு இங்கிலீசில் வாசித்துக் காட்டு, வாசிக்கிறபோது என்னை நல்லவளாக்கப் பார்க்காதே. அவள் உன்னைக் கேட்பாள், அம்மா சொன்னதை ஏன் நீ எட்டு மாதமாகத் திருப்பிக் கேட்கவில்லை, ஏன் என் பக்கம் ஒரு சொல் பேசவில்லை என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உன்னுடையது. இரண்டு பொம்பிளைகளுக்கு நடுவில் தலையாட்டிக்கொண்டு நிற்பது சமாதானம் இல்லை. உன் அப்பாவைப் பார்த்துப் பழகிவிட்டாய், ஆனால் உன் அப்பாவுக்கு நான் வாய்த்தது மாதிரி எல்லோருக்கும் வாய்க்காது.

அதற்குப் பிறகும் அவள் மாட்டேன் என்றால், பழியைக் கோயிலில் போடாதே, அவளிலும் போடாதே. என்னில் போடு. நான் தாங்குவேன், எனக்கு உடம்பு இருக்கிறது. அவள் ஓம் என்றால், அந்த மரத்துக்குக் கீழேயோ, ட்ராம் தரிப்பிலேயோ, எங்கேயென்றாலும் கலியாணத்தை எழுதி முடியுங்கோ. எனக்கு ஆசை இருந்தது, அது இப்போதும் இருக்கிறது, இல்லை என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என் ஆசை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொப்பி கீழே நின்று கூப்பிடுகிறார். இன்றைக்கு என்னைக் கடலுக்குள் இறக்கப் போகிறாராம். எனக்கு நீச்சல் உடுப்பு இல்லை, சல்வாரோடுதான் இறங்குவேன். நான் தண்ணிக்குள் தாண்டு போனால் அது விபத்து இல்லை, அவர் இன்னும் கோபம் என்று அர்த்தம். அப்பா கரையில் நின்று படம் பிடிப்பார், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியுமே.

எங்கே கலியாணம் என்று இனி நான் கேட்க மாட்டேன், மகன். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லு.

அம்மா